சாம்பல் பறவைகளின் வெளிச்சம்

கோடியக்கரைக்குக் கேமராவோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது பூநாரையைத்தான். எங்கே நிற்கிறது, எத்தனை நிற்கிறது, கிட்டே போக முடியுமா? கேட்பதில் தவறில்லை. உப்புத் தண்ணீரில் கூட்டங்கூட்டமாக இளஞ்சிவப்பில் நிற்கும் பறவை யாரையும் இழுக்கும். ஆனால் தூரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு அவர்கள் நடக்கிற வரப்பின் இரண்டு பக்கமும், இருபது முப்பது அடியில், சேற்றின் நிறத்திலேயே சின்னச் சின்னப் பறவைகள் நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளான்கள், உப்புக்கொத்திகள். மனிதர் நடக்க நடக்க அவை எழும்பிச் சற்றுத் தள்ளி இறங்கும். மறுபடி நடந்தால் மறுபடி எழும்பும். யாரும் நின்று பார்ப்பதில்லை. நான் கேமரா வாங்கியதே இந்தச் சின்னவற்றுக்காகத்தான். இன்றைக்கும் என் படங்களில் முக்கால்வாசி இவைதாம்.

நிறமே இல்லாத பறவைகள் என்று இவற்றைச் சொல்லிவிடுவார்கள். குளிர்காலத்தில் நம் கரையில் இருக்கும்போது பெரும்பாலான உள்ளான்களுக்கு மேல்பக்கம் சாம்பல், கீழ்ப்பக்கம் வெள்ளை. பகல் பதினோரு மணிக்கு உப்பளத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றாகவே தெரியும். அதே பறவையைச் சூரியன் எழுந்த அரை மணி நேரத்துக்குள், வரப்பில் குப்புறப் படுத்து, அதன் கண் மட்டத்திலிருந்து பார்க்கவேண்டும். முதுகில் ஒவ்வோர் இறகுக்கும் வெளிர் ஓரம் இருக்கும். இறகின் நடுத்தண்டு கருங்கோடாக ஓடும். நெஞ்சின் பக்கவாட்டில் லேசான காவிப் பூச்சு. கால் கருப்பா, பச்சை கலந்த மஞ்சளா என்பது சந்தேகமில்லாமல் தெரியும். அது தெரிந்தால்தான் இது கொசு உள்ளானா, அதன் பச்சைக்கால் உறவினனா என்று சொல்லமுடியும். நிறம் எப்போதும் அங்கேதான் இருக்கிறது. அதைக் காட்டும் வெளிச்சம்தான் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை.

இந்த விஷயத்தில் கோடியக்கரையின் அமைப்பே படம் எடுப்பவனுக்குக் கொடுப்பினை. சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து இறங்கி வந்து இங்கேதான் மடங்கி மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. வேதாரண்யத்திலிருந்து அகத்தியம்பள்ளி, கோடியக்காடு வழியாகத் தெற்கே வரும் சாலைக்கு மேற்கில் உப்பளங்கள் தொடங்கிவிடும். அவற்றுக்கும் அப்பால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் சதுப்பு. ஆகவே காலையில் மேற்கே பார்த்துப் படுத்துக்கொண்டால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் முகத்தில் நேர் வெளிச்சம் விழும். மாலையில் அதே இடம் தலைகீழாகிவிடும். வெயில் கண்ணில் அடிக்கும், பறவைகள் கருப்பு நிழலாக நிற்கும். கருநிழல் படத்துக்கும் ஓர் அழகு உண்டு என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் மனம் போவதில்லை. ஒரு பறவை ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்திருக்கும்போது அதன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது.

இந்த அகத்தியம்பள்ளியில்தான் 1930 ஏப்ரல் கடைசியில் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளிக் கைதானார்கள். திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள். அதன் நினைவுத்தூணைக் கடக்கும்போது பேருந்தில் யாராவது பிள்ளைகளுக்குக் கையைக் காட்டிச் சொல்லுவார்கள். அந்த ஏப்ரலில் உள்ளான்கள் வடக்கே கிளம்பிக்கொண்டிருந்திருக்கும் என்ற எண்ணம் அந்த இடத்தில் எனக்குத் தவறாமல் வருகிறது.

மேல்நாட்டுப் புகைப்பட நூல்கள் சூரியன் எழுந்ததும் ஒரு முழு மணி நேரத்தைப் பொன் வெளிச்சத்துக்கு ஒதுக்கும். அந்தக் கணக்கு நம் ஊருக்கு ஒத்துவராது. வட ஐரோப்பாவில் சூரியன் சாய்வாக ஏறும், அடிவானத்தை ஒட்டியே வெகுநேரம் நகரும். கோடியக்கரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய்விடும். தை மாதத்தில் ஆறரை மணிவாக்கில் எழுந்தால் ஏழே கால், ஏழரைக்குள் விஷயம் முடிந்தது.

அந்த முக்கால் மணி நேரத்தில் நடப்பது இதுதான். அடிவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து நம்மிடம் வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிடும். மிஞ்சி வருவது மஞ்சளும் செம்மையும். மார்கழி, தை மாதங்களில் சதுப்பின் மேல் பனிமூட்டமும் கிடக்கும். அது வெளிச்சத்தை இன்னும் கரைக்கும், நிழல்களுக்கு விளிம்பே இருக்காது. இதற்கு மேல் உப்பளத்துக்கென்றே ஒன்று உண்டு. தேங்கிய தண்ணீரும் பாத்தி ஓரத்தில் பூத்திருக்கும் வெள்ளை உப்பும் வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே திருப்பி அனுப்பும். பறவையின் வயிறு, தாடை, இறக்கையின் அடிப்பக்கம் என்று வேறெங்கும் இருட்டாகக் கிடக்கும் பகுதிகள் இங்கே தெளிவாக இருக்கும். ஸ்டூடியோவில் ஆள் வைத்து வெள்ளைப் பலகை பிடித்துச் செய்கிற வேலையைப் பாத்தி தானாகச் செய்கிறது.

ஒரு தை மாதக் காலை. வாடைக்காற்று இரவே அடங்கிவிட்டிருந்தது. வனத்துறை அனுமதியோடு, வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் துணையோடு இருட்டிலேயே வரப்பேறிவிட்டோம். இந்தச் சதுப்பில் எந்தத் திட்டு தாங்கும், எது உள்ளே இழுக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். பொன்னியின் செல்வனில் கோடிக்கரைப் புதைசேற்றைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கல்கி அதைக் கற்பனைக்காக மட்டும் வைக்கவில்லை என்பது முழங்கால் வரை இறங்கினால் தெரிந்துவிடும்.

“இஞ்சயே படுத்துக்குங்க தம்பி. தண்ணி அந்தப் பக்கந்தான் வத்திருக்கு. ஈரம் காயாத ஓரமா மேஞ்சுக்கிட்டே அதுங்களே இப்படி வரும்” என்றார்.

“எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே?”

“வர்றப்ப வரும். நீங்க அசையாம இருந்தாப் போதும்.”

அவர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் உரச்சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தேன். புளியங்கொட்டை நிரப்பிய சின்னத் துணிப்பையின் மேல் லென்ஸை வைத்தேன். லென்ஸின் நடு, தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கவேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் பறவைக்குப் பின்னணியாகச் சேறு மட்டுமே கிடைக்கும். பறவையைக் கீழே பார்க்கும் மனிதனின் பார்வையாகவே அந்தப் படம் இருக்கும். படுத்துவிட்டால் பின்னணி வெகுதூரம் தள்ளிப்போய்விடும். தூரத்து வரப்பு, உப்பு அம்பாரம், வானம் எல்லாம் கரைந்து ஒரே பூச்சாக நிற்க, பறவை மட்டும் துலக்கமாக இருக்கும். அதற்கும் மேலே, இன்னொரு பறவைக்கு அது எப்படித் தெரியுமோ அப்படி நமக்குத் தெரியும்.

முதலில் சத்தம்தான் வரும். இருட்டிலேயே பவளக்காலிகள் மூன்று நாலு தரம் சீட்டியடித்தன. சதுப்பில் யார் வந்தாலும் முதலில் கண்டுபிடித்து ஊருக்குச் சொல்வது அவைதாம். அவை அடங்கும்வரை ஒன்றும் நடக்காது. பிறகு மேலே கோட்டானின் நீண்ட குரல் கேட்டது. கிழக்கே வெளுத்தபோது பாத்தி நிறையப் புள்ளிகள். சூரியன் எழுவதற்கு முன்னால் எல்லாம் நீலச் சாம்பல். அந்த வெளிச்சத்தில் நான் எடுப்பதில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன். யார் எங்கே மேய்கிறார்கள், எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று அப்போதே கணித்துவைத்தால்தான் பிறகு கேமராவைத் திருப்பத் தேவை இருக்காது. அசைவு குறைய அதுதான் வழி.

கொசு உள்ளான்கள் வரப்போரமாகவே வந்தன. ஒரு கொசு உள்ளானின் எடை இருபத்தைந்து கிராம்தான் இருக்கும், முப்பதை எட்டினால் அதிகம். தலை குனிந்தபடியே, அலகைத் தையல் மெஷின் ஊசி வேகத்தில் சேற்றில் இறக்கி ஏற்றிக்கொண்டு வரும். ஒன்று எனக்கு நேராக வந்தது. சூரியன் அப்போதுதான் பனிமூட்டத்துக்கு மேலே ஏறியிருந்தது. அந்த நிமிஷத்தில் அதன் சாம்பல் முதுகு முழுக்க மாறியது. இறகு ஓரங்கள் தனித்தனியாக எழுந்து நின்றன. அலகு நுனியில் சேறு ஒரு மணியாகத் தொங்கியது. கண்ணுக்குள் சூரியன் ஒரு வெள்ளைப் புள்ளியாக வந்து உட்கார்ந்தது. படம் எடுப்பவர்கள் இந்தப் புள்ளிக்காகத்தான் காத்திருப்பார்கள். அது இல்லாத பறவைப் படத்தில் உயிர் குறைந்துவிடும். உச்சி வெயிலில் அந்தப் புள்ளி கண்ணின் மேல்விளிம்புக்கு ஏறிவிடும், அல்லது புருவத்து நிழலில் மறைந்துவிடும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது மட்டும் அது கண்ணின் நடுவுக்கு அருகில் நிற்கும்.

அது ஒரு மெல்லிய புழுவைப் பிடித்து இழுத்தது. புழு நூலாக நீண்டது, அறுபடவில்லை. உள்ளான் இழுப்பதை நிறுத்தியது, கொஞ்சம் தளர்த்தியது, மறுபடி இழுத்தது. அறுந்தால் பாதிதான் கிடைக்கும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. முழுசாக வந்ததும் விழுங்கிவிட்டு, பக்கத்துத் தண்ணீரில் அலகை ஒருமுறை முக்கியது. பின்னால் அது நடந்து வந்த வழி நெடுக மூன்று விரல் தடங்கள், ஒவ்வொன்றிலும் நீர் ஊறி, ஒவ்வொன்றிலும் காலை வெளிச்சம். ஷட்டரை அழுத்திக்கொண்டே இருந்தேன். இன்னும் கிட்டே வந்தது. இன்னும் வந்தது. நீண்ட லென்ஸ்களுக்கு நாலு மீட்டர் வாக்கில் ஓர் எல்லை உண்டு, அதற்கு உள்ளே வந்தால் ஃபோகஸ் ஆகாது. அந்த எல்லையைக் கடந்து அது வந்துவிட்டது. கேமராவிலிருந்து கண்ணை எடுத்து வெறுங்கண்ணால் பார்த்தேன். என் முழங்கைக்கு முன்னால் கையெட்டும் தூரத்தில், என்னை ஒரு கட்டையாகவே வைத்துக்கொண்டு, கடந்து போனது. அந்தக் காலையில் எடுத்த படங்களை விட எடுக்க முடியாமல் போன அந்த அரை நிமிஷம்தான் எனக்குப் பெரிது.

உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் மேய்ச்சல் முறையே வேறு. அதைத் தெரிந்துகொண்டால் படம் தானாக அமையும். உள்ளான் தொட்டுத் தேடும். அலகு நுனியில் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன, சேற்றுக்குள் அசைவதைப் பார்க்காமலே அறியும். அதனால் தலை எந்நேரமும் கீழேயே இருக்கும், முகம் கிடைப்பது அரிது. அது தலை தூக்கும் கணம் இரண்டுதான். ஒன்று விழுங்கும்போது, மற்றது மேலே பருந்து தெரியும்போது. உப்புக்கொத்தி கண்ணால் தேடும். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும். பெரிய கரிய கண் அதற்குத்தான். அது நிற்கும் அந்த ஒரு விநாடி நமக்கு. ஓடும்போது எடுப்பதைவிட நிற்கப்போகும் இடத்தை ஊகித்துக் காத்திருப்பது நல்லது.

உப்புக்கொத்திகளில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லியாகவேண்டும். திபெத் பீடபூமியிலும் லடாக் பக்கத்து உயரங்களிலும், நாலாயிரம் மீட்டருக்கு மேலேகூட முட்டையிட்டுவிட்டு, குளிருக்கு நம் கடற்கரைக்கு இறங்கி வரும் இனம் அது. முன்பு ஒரே இனம் என்று வைத்திருந்ததை, சைபீரியாவில் இனப்பெருக்கம் செய்வது ஒன்று, திபெத்தில் செய்வது ஒன்று என்று அண்மையில்தான் பிரித்தார்கள். பின்கழுத்தில் வெள்ளை வளையம் முழுசாக இருந்தால் அது இந்த இரண்டும் அல்லாத கெண்டி உப்புக்கொத்தி, இல்லாமல் சாம்பலே ஓடினால் திபெத்துக்காரன். அந்த வளையம் ஒரு விரற்கடை அகலம்கூட இல்லை. காலை வெளிச்சத்தில் அது பளிச்சென்று தெரியும். ஒன்பது மணிக்கு மேலே தொலைநோக்கியிலும் தடுமாறும்.

ஒன்பது மணிக்கு மேலே தடுமாறுவதற்குக் காரணம் கானல். சேறும் உப்பும் சூடேறியதும் தரையை ஒட்டிய காற்று கொதிக்க ஆரம்பிக்கும். லென்ஸ் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அந்தக் காற்றின் வழியாகத்தான் பார்க்கவேண்டும். படத்தைப் பெரிதாக்கினால் இறகெல்லாம் மெழுகாக வழிந்திருக்கும். நான் பாடமாகக் கேட்பதற்கு முன்பே இதை எனக்குச் சொன்னவர் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா. பங்குனியில் உப்பு வாரும் காலம். விடிவதற்கு வெகுமுன்னே வந்து, பாத்தியில் இறங்கி, நீண்ட கழியில் பூட்டிய பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் சாய்ந்து எழுந்ததைப் பார்த்துவிட்டு, பலகையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

“வெயில் ஏறுனா ஒண்ணும் தெரியாது தம்பி. உப்பு கண்ணைக் குத்தும், தூரத்துல எல்லாம் ஆடும். அதான் நாங்க மூணு மணிக்கே வந்துர்றது. நீங்களும் நேரத்தோட எடுத்துட்டுப் போயிருங்க.”

“உங்களைப் பார்த்தா இந்தக் குருவிங்க ஓடலையே அக்கா, நான் நடந்தா மட்டும் எழும்புதே?”

“நாங்க எங்க வேலையப் பாக்குறோம், அதுங்க அதுங்க வேலையப் பாக்குது. நீங்க நின்னு அதையே பாக்குறீங்கல்ல.”

எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் உப்பை இழுத்தபடி பத்தடி தூரத்தில் நகர்கிறார், பவளக்காலி ஒன்று திரும்பிக்கூடப் பார்க்காமல் மேய்கிறது. வெறித்துப் பார்த்தபடி நேர்கோட்டில் நெருங்குவது பருந்தும் நரியும் செய்கிற காரியம். அதற்குப் பிறகு நான் பறவையை நோக்கி நடப்பதே இல்லை. அவை வரக்கூடிய இடத்தில் முன்பே போய்ப் படுத்துவிடுவேன். வந்தால் வரும். வராத காலைகளும் நிறைய உண்டு.

இந்த உப்பளத் தொழிலாளர்களின் கண்ணையும் காலையும் பற்றி எழுதாமல் வெளிச்சத்தின் அழகைப் பற்றி மட்டும் எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு இதமாக இருக்கிற அந்த வெளிச்சம் அவர்களுக்கு வேலையை முடித்தாகவேண்டிய கெடு. அதற்குப் பிறகு அதே வெள்ளைத் தரை கண்ணைக் கெடுக்கும், உப்புநீர் பாதத்தைப் புண்ணாக்கும். நான் ஏழரைக்குக் கேமராவை மூடிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடலாம். அவர்கள் இன்னும் அம்பாரம் ஏற்றவேண்டும்.

உள்ளானைக் கையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது, பறவைகளுக்கு வளையமிடும் முகாமில். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் தலைமையில் 1959இல் இந்தப் பணியைத் தொடங்கியபோது அதற்குப் பணம் வந்தது உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து. வலசைப் பறவைகள் வழியாக நோய்க்கிருமி பரவுகிறதா என்று அறிவது அன்றைய நோக்கம். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது, பறவைகள் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்ற பெரிய அறிவாக விரிந்தது. கோடியக்கரை அதன் முக்கியமான நிலையங்களில் ஒன்றாயிற்று. டாக்டர் எஸ். பாலச்சந்திரன் போன்றவர்கள் பல பத்தாண்டுகளை இந்தச் சேற்றிலேயே கழித்திருக்கிறார்கள். வலை விரிக்கும் கலையில் பீகாரின் மீர்ஷிகார் சமூகத்தவர் கைதேர்ந்தவர்கள். பறவை பிடித்து விற்பது அவர்களுடைய பரம்பரைத் தொழிலாக இருந்தது. அந்தத் திறமையையே கழகம் ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொண்டது. அவர்களில் அலி ஹுசைன் என்பவரின் பெயர் பறவை ஆர்வலர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அன்று ஆய்வாளர் துணிப்பையிலிருந்து ஒரு கொசு உள்ளானை எடுத்து, கழுத்து இரண்டு விரலுக்கு நடுவே வரும்படி உள்ளங்கையில் பிடித்துக் காட்டினார். இறக்கையை அளந்தார், அலகை அளந்தார், எடை பார்த்தார், இறக்கையை விரித்து இறகுகள் எந்த அளவு புதுப்பித்திருக்கின்றன என்று குறித்தார். வயிற்று இறகுகளை ஊதி விலக்கினார். தோலுக்கு அடியில் இளமஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தது. “இதுதான் இவனுக்குப் பெட்ரோல்” என்றார். வளையத்தை இடுக்கியால் அழுத்தி மூடிவிட்டு என் கையில் வைத்தார். எடை இருப்பதாகவே தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. இதயம் அடிப்பது என் விரலில் அதிர்ந்தது. ஆர்க்டிக் ஓரத்துத் தூந்திரத்தில் பிறந்து, யாரும் வழிகாட்டாமல், மத்திய ஆசியாவைக் கடந்து இங்கே வந்து சேர்ந்த ஓர் உயிர். கையைத் திறந்ததும் தாழப் பறந்து பாத்தியில் இறங்கி, உடனே மேயத் தொடங்கிவிட்டது. அதற்கு வீணாக்க நேரமில்லை.

அன்றிலிருந்து ஒரு கூட்டத்தை எழுப்பிவிடுவது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றுவதில்லை. பறக்கும் படம் வேண்டும் என்று கல் எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். கைதட்டுபவர்களையும், அண்மையில் டிரோனை இறக்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். சரணாலயத்தில் அது குற்றம் என்பது ஒரு பக்கம். காலை நேரம் பறவைக்கு இரை தேடும் நேரம், இரவு செலவழித்த கொழுப்பை ஈடுகட்டும் நேரம். அதைப் படத்துக்காகப் பறிப்பதை என்னால் ஏற்கமுடியாது. பறக்கும் படத்துக்குப் பொறுமையாக இருந்தால் போதும். சேற்றுப் பூனைப்பருந்து ஒருமுறை தாழப் பறந்து போகாத காலையே கிடையாது. அப்போது பாத்தி முழுக்க ஒரே கணத்தில் எழும்பும். ஆயிரம் பறவையும் ஒன்றாகத் திரும்பும்போது சாம்பல் முதுகு மறைந்து வெள்ளை வயிறு தெரியும். அடுத்த திருப்பத்தில் வெள்ளை மறைந்து சாம்பல். வெள்ளை தெரியும் கணத்தில் வெயில் கீழேயிருந்தும் மேலேயிருந்தும் பட்டு எரியும். அதற்காக எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து, ஷட்டரை இரண்டாயிரத்துக்கு மேலே முன்பே வைத்திருப்பேன். இல்லையென்றால் இறகு ஒன்றும் மிஞ்சாது, வெறும் வெள்ளைதான் பதிவாகும்.

கூட்டங்கள் சிறுத்துவிட்டன. இது கிழவர்களின் புலம்பல் இல்லை. இங்கே நீண்டகாலம் கணக்கெடுத்தவர்கள் எழுதிவைத்திருப்பது. இந்தச் சதுப்பு 1967இல் சரணாலயமானது. 2002இல் ராம்சார் பட்டியலில் ஏறியது, தமிழ்நாட்டில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம். அதெல்லாம் இருந்தும், நன்னீர் வரத்துக் குறைந்து உப்புச் செறிவு ஏறிய பகுதிகளில் சின்ன அலகுகளுக்குத் தேவையான புழு பூச்சி அற்றுப்போகிறது. வேறு கரைகளிலும், அவை குஞ்சு பொரிக்கும் வடக்கிலும் நிலைமை மாறிவருகிறது. கீழ்நோக்கி வளைந்த அலகுள்ள உள்ளான் இங்கே ஒரு காலத்தில் கணக்கில்லாமல் நின்ற பறவை. அதை 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாய்ப்புள்ள இனங்களில் சேர்த்துவிட்டது. கரண்டி அலகு உள்ளான் இங்கே பதிவாகியிருக்கிறது என்பதைப் பழைய அறிக்கைகளில்தான் படிக்கிறேன். ஒவ்வொரு தை மாதமும் கொசு உள்ளான் கூட்டத்தில் ஒவ்வோர் அலகாகப் பார்த்துக்கொண்டு போகும் பழக்கம் அதனால் வந்தது.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. அடுத்த சில வாரங்களில் போனபோது காடு தலை முறிந்து கிடந்தது, வேதாரண்யம் பக்கம் தென்னையும் வீடும் விழுந்து மக்கள் சாலையோரம் இருந்தார்கள். அந்தப் பயணத்தில் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் சதுப்பில் உள்ளான்கள் இருந்தன. அதே ஓரங்களில், அதே வேகத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும்போது வெளிச்சமும் பறவையும் இரண்டும் மாறும். காற்று தெற்கே திரும்பி சோளகம் வீசத் தொடங்கும். சூரியன் ஆறு மணிக்கே எழுந்துவிடும், பனி கிடையாது, ஏழு மணிக்கே கானல் ஆட ஆரம்பிக்கும். எனக்குக் கிடைப்பது அரை மணி நேரம். ஆனால் அந்த அரை மணிக்காகத்தான் நான் ஆண்டு முழுக்கக் காத்திருக்கிறேன். சாம்பல் பறவைகள் அப்போது உடுப்பு மாற்றியிருக்கும். வளைந்த அலகு உள்ளான் கழுத்திலிருந்து வயிறு வரை செங்கல் சிவப்பு. கல்திருப்பிக்கு முதுகில் காவியும் கருப்பும். திபெத் உப்புக்கொத்திக்கு நெஞ்சில் ஆரஞ்சுப் பட்டை. இந்த நிறங்களை அவை காட்டவேண்டிய இடம் வேறெங்கோ இருக்கிறது. போகும் வழியில் நமக்குக் கொஞ்சம் தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்படி ஒரு சித்திரைக் காலையில் செங்கல் நிற உள்ளான் ஒன்று நல்ல வெளிச்சத்தில் நின்றது. குளிர்காலத்தில் ஐம்பது அறுபது கிராம் இருப்பது, கிளம்பும் சமயத்தில் எண்பதைத் தாண்டும். வயிறு பக்கவாட்டில் பிதுங்கித் தெரிந்தது. இடது காலில் உலோக வளையம். நான் எடுத்த வரிசையில் கால் திரும்பத் திரும்ப, வளையத்தின் வெவ்வேறு பக்கம் வெவ்வேறு படத்தில் விழுந்திருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து காவலர் அண்ணனும் நானும் கேமராத் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எண்களைச் சேர்த்தோம். வெயில் தாழ்வாக இருந்ததால் வெட்டெழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து இலக்கங்கள் தெரிந்தன. கடைசி ஓர் எண் மட்டும் மூன்றா எட்டா என்று பிடிபடவில்லை.

“மூணுதான் தம்பி. எட்டுன்னா இந்தப் பக்கம் மூடியிருக்கும்ல?”

அவர் சொன்ன படத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றுதான். எண்ணையும் நாளையும் இடத்தையும் எழுதிக் கழகத்துக்கு அனுப்பினோம். அடுத்த வாரம் அந்தப் பாத்தியில் உப்பு வாரத் தொடங்கிவிட்டதாகவும், செம்பறவைகள் எல்லாம் போய்விட்டதாகவும் போனில் சொன்னார். ஆகஸ்ட் கடைசியில் மூத்தவை வந்துவிடும், குஞ்சுகள் அதற்குப் பின்னால் வரும், முதுகில் வெள்ளைக் கோடு போட்ட கொசு உள்ளான் புதுசுகளை எடுக்கவேண்டுமென்றால் புரட்டாசியில் வாருங்கள் என்றும் சொன்னார்.